போசிக்ஸ் ஷெல் தரநிலையோடு எட்டு வருடம்: சொல் விரிவாக்கம் படுத்திய பாடு

கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களில் பாதிப் பேர், ஷெல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் போசிக்ஸ் தரநிலையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். நானும் முதலில் பார்க்கவில்லை. பாஷ் என்ற ஷெல்லில் ஓடியது டாஷ் என்ற இன்னொரு ஷெல்லில் ஓடாமல் போன ஒரு நாளில்தான், கட்டளையில் உள்ள சொற்களை ஷெல் எப்படி விரிக்க வேண்டும் என்று சொல்லும் 2.6ஆம் பிரிவைத் திறந்தேன், அதிலிருந்து இந்த எட்டு வருடத்தில் எத்தனை முறை அதையே படித்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

முதல் தடவை படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். டில்டா, மாறி, கட்டளையின் வெளியீடு, கணக்கு எல்லாம் வரிசையாக விரியும், அப்புறம் சொல் பிரிப்பு, பிறகு நட்சத்திரக் குறி போன்றவற்றுக்குப் பொருந்தும் கோப்புப் பெயர்கள், கடைசியில் மேற்கோள்குறிகள் கழற்றப்படும். இவ்வளவுதானே என்று மூடி வைத்துவிடலாம். குறிப்பாக ஒரு கேள்வியோடு போனால்தான் சிக்கல்.

என் கேள்வி சின்னது. எந்த எழுத்துகளில் பிரிக்க வேண்டும் என்று சொல்லும் ஐஎஃப்எஸ் மாறியில் முக்காற்புள்ளி (:) மட்டும் இருக்கிறது, மாறியில் "அ:ஆ:" இருக்கிறது, பிரித்தால் இரண்டு துண்டா, மூன்றா? பழைய பதிப்புகள் அந்த எழுத்துகளை எல்லைக்குறிகளாகக் கொண்டு பிரிக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடும். எல்லை என்றால் இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நிற்பதா, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நிற்பதா? முதலாவது என்றால் கடைசியில் ஒரு வெற்றுத் துண்டு உண்டு, இரண்டாவது என்றால் இல்லை. பாஷும் டாஷும் இரண்டு என்கின்றன. 2008 பதிப்பில்தான் 'முடிவுக்குறி' என்ற பொருளில் சொல்லைச் சேர்த்துத் தெளிவாக்கினார்கள். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கட்டளைகளைத் தேடும் பாதை மாறியின் கடைசியில் ஒரு முக்காற்புள்ளி தொங்கினால் 'இப்போது இருக்கும் அடைவிலும் தேடு' என்று அர்த்தம், நான் எழுதிய சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்க வேண்டியதே அதைத்தான், ஆனால் பிரிக்கும்போதே அது காணாமல் போய்விட்டது! பிரிப்பதற்கு முன் கூடுதலாக ஒரு முக்காற்புள்ளியை ஒட்டிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு அடி, ஒரு மாறியை ஷெல் தொடங்கும் மற்ற நிரல்களுக்கும் கிடைக்கச் செய்யும் எக்ஸ்போர்ட். ஒரு மாறிக்கு நேரடியாக மதிப்பு கொடுத்தால் வலப்பக்கம் சொல் பிரிப்பு கிடையாது, ஆனால் எக்ஸ்போர்ட் என்பது கட்டளை, அதற்குத் தரும் மதிப்பு வெறும் வாதம்தானே என்று எழுத்து பிசகாமல் நடந்துகொண்டது என்னிடம் இருந்த டாஷ். பாஷோ அதையும் மதிப்பளிப்பாகவே எடுத்துக்கொள்ளும். மேற்கோள்குறி போடாத என் ஸ்கிரிப்டில் மதிப்பின் முதல் சொல் மட்டும் மாறிக்குள் போனது, அடுத்த சொல் இன்னொரு மாறியின் பெயராகப் பதிவானது, பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லை. பல நாள் கழித்து ஒரு மதிப்பில் இணைகோடு வந்தபோதுதான் 'தவறான மாறிப் பெயர்' என்று கத்தியது. டெபியன் லினக்ஸ் 2011லிருந்தே ஸ்கிரிப்ட்களை ஓட்டும் /bin/sh ஆக இயல்பாக டாஷைத்தான் தருகிறது, ஆக இது எங்கோ மூலையில் நடக்கிற விஷயமும் இல்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். 'இதன் விளைவு வரையறுக்கப்படவில்லை' என்று தரநிலை கைவிரிக்கும் இடங்களில் எனக்கு இதுவரை எந்தக் கஷ்டமும் வந்ததில்லை. ஸ்கிரிப்டுக்குத் தந்த வாதங்களைத் தனித்தனியாகக் குறிக்கும் "$@" என்பதை மாறிக்கு மதிப்பாகக் கொடுப்பது அப்படி ஓர் இடம், படித்தேன், எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துத் தரும் "$*" என்று மாற்றினேன், முடிந்தது. என்னைக் கவிழ்த்தவை எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றி, இரண்டு ஷெல்காரர்கள் இரண்டு விதமாகப் படித்து, இருவருமே தரநிலையைக் காட்டிக்கொள்ளக்கூடிய வாக்கியங்கள்தான்.

2024 பதிப்பில் எக்ஸ்போர்ட், மாறியின் மதிப்பை மாற்ற முடியாமல் பூட்டும் ரீட்ஒன்லி போன்றவற்றைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றின் மதிப்பளிப்பில் சொல் பிரிப்பு கூடாது என்று ஒருவழியாக எழுதிவிட்டார்கள். நல்லது. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடப்போகும் இயந்திரத்தில் எந்தக் காலத்து ஷெல் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அதனால் இன்றும் ஒரு வரியில் மதிப்பு, அடுத்த வரியில் எக்ஸ்போர்ட் என்றுதான் எழுதுகிறேன்.