ரயில்வே சேகரிப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

என் தந்தையார் நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த ரயில்வே பொருள்களை, அவர் மறைவுக்குப் பின் வைத்துக்கொள்ள இடமின்றியும் எடைக்குப் போட மனம் வராமலும், "அருங்காட்சியகம் அமைக்கிறேன், தொகுப்பைப் பிரிக்கவே மாட்டேன்" என்று வாக்களித்த ஒருவரிடம் பணம் எதுவும் வாங்காமல் ஒப்படைத்தேன். ஏழே வாரங்களில் அவை இணைய ஏலத்தில் தனித்தனியாக விற்பனைக்கு வந்தன.

என்னை மிகவும் வருத்தியது பயணச்சீட்டு ஆல்பம்தான். இங்கிலாந்தில் ரயில் நிலைய அதிகாரியாக இருந்த தாமஸ் எட்மண்ட்சன் 1830களில் அறிமுகப்படுத்திய, சுமார் 57 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமும் கொண்ட தடித்த அட்டைச் சீட்டுகள் அவை. தொடர் எண் முன்பே அச்சிடப்பட்டிருக்கும், தேதி மட்டும் விற்கும்போது இயந்திரத்தில் குத்தப்படும். அப்பா ஒரு சீட்டைக்கூடப் பசை போட்டு ஒட்டியதில்லை. காகித மூலைகளில் செருகி, எந்தப் பயணம், உடன் வந்தவர் யார் என்று கீழே பென்சிலால் எழுதியிருந்தார். விற்பனைப் படத்தில் சீட்டுகள் ரப்பர் வளையம் போட்ட கட்டாகக் கிடந்தன. குறிப்புத் தாள்களைப் பற்றி, தொகுப்பைப் பெற்றுச் சென்றவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பழைய பேப்பர்தானே சார்" என்றார்.

மண்ணெண்ணெய்க் கைவிளக்கின் சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு மின்பல்பு பொருத்தியிருந்தார். எந்த இன்ஜின் என்று கண்டறிய உதவும் தொழிற்சாலை எண்ணும் ஆண்டும் பொறித்த பித்தளைத் தகட்டையோ, எழுத்துகளுக்கிடையே இருந்த மூலவண்ணம் போகும்வரை தேய்த்து மினுக்கியிருந்தார்.

நன்கொடையாகப் பெற்றதை விற்க உரிமை உண்டு என்கிறார். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பொருள்வாரியான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் புகைப்படம், நன்கொடையா இரவலா, விற்கலாமா கூடாதா, வேண்டாதபோது யாரிடம் திருப்பித் தர வேண்டும் என்பவை எழுதிக் கையெழுத்தாகாமல் ஒரு விசிலைக்கூட நான் கொடுத்திருக்கக் கூடாது. இதற்கு முன் ஓர் அருங்காட்சியகம், இத்தகைய பொருள்கள் தங்களிடம் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்லி மறுத்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த மறுப்பில் இருந்த நேர்மை புரிகிறது.

உண்மையில், வண்டியில் ஏற்றிய அன்றே அவர் தம்மைக் காட்டிக்கொண்டுவிட்டார். ஊழியர்களுக்காக மட்டும் அச்சிடப்பட்ட கால அட்டவணைகள் நிறைந்த பெட்டியைத் திறந்து பார்த்து, "இதெல்லாம் போகாது சார், நீங்களே வெச்சுக்குங்க" என்று ஓரமாகத் தள்ளினார். அருங்காட்சியகம் நடத்துபவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். அது மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. இம்முறை ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் இட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.