அப்பாவோட பழைய செஸ் புரோகிராமை விண்டோஸ் 11ல ஓட வெச்ச மஞ்சக்குப்பம் கடை

கடலூர் மஞ்சக்குப்பத்துல டவுன்ஹால் தாண்டி ஒரு சந்துல மாடியில இருக்கற சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைங்க இது, கீழேர்ந்து பாத்தா போர்டு கூட சரியா தெரியாது, ஆனா பழைய சாஃப்ட்வேரை வெச்சுகிட்டு என்ன பண்றதுன்னு அலையறவங்க நேரா இங்கதான் போகணும்னு மனசார சொல்றேன்.

எங்கப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்து குடுத்த ரெபெல் 10ங்கற செஸ் புரோகிராமோடதான் 1999லேர்ந்து ஆடிகிட்டு இருக்கார். எட் ஷ்ரோடர்னு நெதர்லாந்துக்காரர் எழுதுனது, விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ்ங்கற பழைய சிஸ்டத்துல ஓடறது. 1998ல நம்ம ஆனந்தையே 5-3ன்னு ஜெயிச்சது அது. ஆனா எங்க வீட்ல அந்த ஸ்கோரை அப்படியே சொன்னா அப்பா விடமாட்டார், 5 நிமிஷ கேம் நாலுல 3-1, 15 நிமிஷ கேம் ரெண்டுல ஒண்ணரைக்கு அரைன்னுதான் (டிரா ஆனா ஆளுக்கு அரை பாயிண்ட்) ரெபெல் ஜெயிச்சுது, முழு நேரம் உக்காந்து ஆடுன ரெண்டு கேம்ல ஆனந்த்தான் ஒண்ணரை எடுத்தார்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவார்.

2024ல பெஞ்சல் புயல் முடிஞ்ச கையோட தென்பெண்ணை தண்ணி எங்க தெருவுக்குள்ள வந்து வீட்ல டேபிள் உயரத்துக்கு ஏறிடுச்சு, பழைய சிபியுல மதர்போர்டு போச்சு, ஹார்ட் டிஸ்க் மேல் பக்கம் இருந்ததால அது மட்டும் தப்பிச்சுது. புது லேப்டாப் வாங்கி குடுத்தோம், விண்டோஸ் 11. முதல்ல வேற ஊர்ல ஒரு கடைக்கு எடுத்துட்டு போனேன், செக் பண்ண 300 ரூபா வாங்கிட்டு, இதெல்லாம் இனிமே ஓடாது, ஃபோன்ல ஏதாவது செஸ் ஆப் போட்டுக்க சொல்லுங்கன்னு அனுப்பிட்டாங்க. அப்பா அன்னிக்கு ராத்திரி சரியா சாப்பிடல.

மஞ்சக்குப்பம் கடை அண்ணன் கேட்ட முதல் கேள்வியே வேற. "ஐயா, உங்களுக்கு புரோகிராம் வேணுமா, இதுல நீங்க ஆடுன கேமெல்லாம் வேணுமா?" ரெண்டும் வேணும்னார் அப்பா. சரி விட்டுட்டு போங்கன்னார்.

டிஸ்க் பழைய ஐடிஇ டைப், 40 பின் கேபிள், லேப்டாப்ல நேரா மாட்ட முடியாது, யுஎஸ்பிலேர்ந்து வர்ற கரண்ட்டும் அதுக்கு பத்தாது. தனி பவர் சப்ளையோட வர்ற ஒரு கன்வெர்ட்டர் போட்டு, முதல் வேலையா டிஸ்க் மொத்தத்தையும் காப்பி எடுத்துட்டுதான் மத்ததுல கைய வெச்சார். இந்த ஒரு விஷயத்துக்கே அவர்மேல எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

ஏன் ஓடலைன்னும் பொறுமையா சொன்னார். 64 பிட் விண்டோஸ்ல டாஸ் புரோகிராமை ஓட்டற பகுதியே கிடையாதாம், விண்டோஸ் 10ல 32 பிட்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல இருந்தது, விண்டோஸ் 11 வர்றதே 64 பிட்ல மட்டும்தான், அதனால கம்பேடிபிலிட்டி மோடு, அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்றதுன்னு நான் ரெண்டு நாளா பண்ணுனது எதுக்கும் பிரயோஜனமே இல்ல. டாஸ்பாக்ஸ்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது விண்டோஸுக்குள்ளயே ஒரு பழைய கம்ப்யூட்டரை முழுசா உண்டாக்கி குடுத்துடுது, ரெபெல் அதுக்குள்ள ஓடுது.

நானும் வீட்ல டாஸ்பாக்ஸ் போட்டு பாத்தேன்தான். நான் ஃபோல்டருக்கு 'அப்பா செஸ்'னு தமிழ்ல பேர் வெச்சிருந்தேன், அதுதான் தப்பு, டாஸுக்கு எட்டு எழுத்துக்குள்ள ஸ்பேஸ் இல்லாத இங்கிலீஷ் பேர்தான் ஆகும். அண்ணன் அதை மாத்தி, டாஸ்பாக்ஸோட செட்டிங்ஸ் இருக்கற கான்ஃபிக் ஃபைல் கடைசில, எந்த ஃபோல்டரை திறக்கணும்னு சொல்ற மவுண்ட் லைனை எழுதி, ஐகானை கிளிக் பண்ணுனா நேரா போர்டு வர்ற மாதிரி பண்ணிட்டார். ஸ்பீடுக்கு டாஸ்பாக்ஸ்ல சைக்கிள்ஸ்ங்கற செட்டிங்கை மேக்ஸ்னு வெச்சார், அதுக்கு முன்னாடி ஒரு மூவ் யோசிக்க ரொம்ப நேரம் எடுத்துச்சு. ஃபுல் ஸ்கிரீன்ல போர்டு இழுத்துகிட்டு நீள்சதுரமா தெரிஞ்சுது, அதையும் சரி பண்ணி கட்டமெல்லாம் சதுரமாவே தெரிய வெச்சார், அப்பாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆனதால இது பெரிய உதவி. மவுஸ் டாஸ்பாக்ஸ் உள்ளயே மாட்டிக்கும், வெளிய வர கண்ட்ரோலும் எஃப்10ம் சேத்து அழுத்தணும்னு பெரிய எழுத்துல எழுதி லேப்டாப் ஓரத்துல ஒட்டியும் குடுத்தார்.

கேமெல்லாம் பிஜிஎன் ஃபைலா மாத்திட்டார், 412 கேம். பிஜிஎன்னா வெறும் டெக்ஸ்ட்தான், நோட்பேட்லயே திறக்கலாம், எந்த புது செஸ் சாஃப்ட்வேரும் படிக்கும், இனி டிஸ்க் போனாலும் கவலையில்ல. 2001ல அம்மாவோட ஆடுன ஒரு கேம் கூட அதுல இருக்கு. அம்மா இப்போ இல்ல.

ஒண்ணு மட்டும் முடியல. அப்பாகிட்ட 2003ல வாங்குன இன்னொரு செஸ் சிடி இருக்கு, அதுல திருட்டு காப்பி போட விடாம தடுக்கற காப்பி புரொடக்‌ஷன் உண்டு, அதுக்கு வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10லேர்ந்தே எடுத்துட்டாங்களாம், பாதுகாப்பு பிரச்சனைன்னு. அந்த தடுப்பை உடைக்கற கிராக் எல்லாம் நான் போட மாட்டேன், பழைய எக்ஸ்பி சிடி லைசென்ஸோட இருந்தா கொண்டாங்க, விர்ச்சுவல் மிஷின்ல, அதாவது லேப்டாப்புக்குள்ளயே தனியா ஒரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடறதுல, போட்டு பாக்கலாம்னு அண்ணன் நேர்மையா சொன்னார். நாங்க இன்னும் தேடிகிட்டு இருக்கோம்.

குறைன்னா நாளைக்கு தரேன்னு சொல்லி நாலு நாள் ஆச்சு, ஏறுற படி செங்குத்தா இருக்கு, அப்பாவை கைய புடிச்சுதான் ஏத்தணும். மொத்தம் 850 ரூபா வாங்குனார், செஞ்ச வேலைக்கு கம்மின்னு தோணி நான் ஆயிரமா குடுத்தேன், மீதியை கையில திணிச்சுட்டார். 5க்கு 5 தர்றேன்.

போறவங்க முன்னாடியே ஃபோன் பண்ணிட்டு போங்க, அந்த ஐடிஇ கன்வெர்ட்டர் கடைல ஒண்ணுதான் இருக்கு. சிடி, சீரியல் நம்பர் ஒட்டுன பழைய கவர், ஃபிளாப்பி எது இருந்தாலும் தூக்கி போடாம கூடவே எடுத்துட்டு போங்க.