ஆடும் தளத்தில் உலர் நிறை: குருதிச் சுத்திகரிப்போடு ஒரு கப்பற் பயணம்

சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல் 2023ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோகத் தொடங்கியதிலிருந்து, சிறுநீரகம் செயலிழந்த எங்களுக்கு இயந்திரத்தால் குருதியைச் சுத்திகரிக்கும் (டயாலிசிஸ்) பிரிவில் கப்பற் பேச்சு ஓய்ந்தபாடில்லை. "நீர் மகளோட கப்பலில போய் வந்தனீர்தானே, எங்களைப் போல ஆக்கள் போகலாமோ?" என்று பக்கத்துக் கட்டில் அண்ணை சென்ற கிழமையும் கேட்டார். ஊசி ஏற்றியிருக்கும் கையோடு சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லாததால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வருகிறது என்பதற்காக அதில் சுத்திகரிப்பு இயந்திரம் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. பெரும்பாலான கப்பல்களின் மருத்துவ அறைகளில் அந்த வசதி கிடையாது. சில பயணங்களுக்கு மட்டும், சிறுநீரக வைத்தியர், தாதியர், தொழில்நுட்பவியலாளர் கொண்ட தனிக்குழு ஒன்று இயந்திரங்களோடு கப்பலில் ஏறும். அதற்கான கட்டணம் பயணக் கட்டணத்துக்கு மேலதிகமானது. வீட்டிலேயே வயிற்றறைச் சுத்திகரிப்பு, அதாவது வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுத்துச் சுத்திகரிக்கும் முறை, செய்பவர்களுக்கு இயந்திரம் தேவையில்லை என்றாலும், இரண்டு லீற்றர்ப் பை நாளுக்கு நான்கு என்று பார்த்தால் ஒரு கிழமைக்கு 56 லீற்றர் திரவம் முன்கூட்டியே கப்பலுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என் மகள் ரொறன்ரோவில் இருப்பதால், அங்கு தங்கியிருந்த காலங்களில் புளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு அத்தகைய சுத்திகரிப்புக் குழுவோடு போகும் பயணங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சென்றிருக்கிறேன்.

அந்தக் குழுவின் வேலையில் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பயணத்துக்கு முன்னரே ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனை முடிவுகளையும், அண்மைய சிகிச்சைக் குறிப்புகளையும், வைத்தியரின் மருந்துச் சீட்டையும் வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள். கடலில் ஓடும் நாட்களிலேயே பெரும்பாலும் சிகிச்சையை வைத்ததால், கரையில் இறங்கும் நாட்கள் எனக்கே சொந்தமாயின. கப்பல் அசைந்துகொண்டிருக்கையிலும் என் கையின் பிஸ்டுலாவில் (சுத்திகரிப்புக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடத்தில்) ஊசியை ஒரே தடவையில் ஏற்றிய தாதியை நான் மறக்கமாட்டேன். தரையிலேயே அது எல்லோருக்கும் கைவரும் காரியமல்ல.

என் கோபம் முழுவதும் தராசின் மேல்தான்.

நம்மைப் போன்றவர்களுக்கு நிறை என்பது சிகிச்சையின் அத்திவாரம் என்பதைக் கட்டிலில் கிடந்தவர்கள் அறிவார்கள். உடம்பில் மேலதிக நீர் இல்லாதபோதுள்ள நிறைதான் உலர் நிறை. அதற்கு மேலே ஏறியிருக்கும் ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். அதை வைத்துத்தான் சிகிச்சையில் எவ்வளவு நீரை இழுப்பது என்று தீர்மானிக்கிறார்கள். என் உலர் நிறை 58 கிலோ. கப்பல் அலையில் எழும்போது தராசு கூட்டிக் காட்டும், இறங்கும்போது குறைத்துக் காட்டும். ஒரு நாள் நான் கைப்பிடியை விட்டுவிட்டு நேராக நின்றபோது, எண்கள் 59.6 என்றும் 61.1 என்றும் ஓடிக்கொண்டேயிருந்தன. 61 என்று எழுதப்பட்டது. அதன்படி நான்கு மணித்தியாலத்தில் மூன்று லீற்றர் இழுத்தார்கள். மணிக்கு ஒரு கிலோ உடல் நிறைக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற வரம்பைக் கணக்கு மீறவில்லை. ஆனால் கடைசி மணித்தியாலத்தில் இரண்டு கெண்டைக்கால்களும் இழுத்துப் பிடித்தன, குருதி அமுக்கம் விழுந்தது, சேலைன் ஏற்றவேண்டியதாயிற்று.

மறுநாள் கப்பல் துறைமுகத்தில் கட்டியிருந்தபோது அதே தராசில் ஏறினேன். எண் அசையாமல் நின்றது: 57.4. காலை உணவும் தேநீரும் உள்ளே போன பிறகும் உலர் நிறையைவிடக் குறைவு! அதைத் தாதியிடம் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. அதன் பிறகு பல தடவை ஏற்றி இறக்கிச் சராசரி எடுத்தார்கள். கணுக்கால் வீக்கத்தையும், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். நானும் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் நிறை பார்த்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், சிகிச்சை இல்லாத நாளானாலும் சரி.

இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை அடக்கவேண்டிய ஒருவருக்குக் கப்பற் சாப்பாட்டு மண்டபம் ஆபத்தான இடம். சூப், பதனிட்ட இறைச்சி, சோஸ் எல்லாவற்றிலும் உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் நீரைக் கூட்டும், கூடிய நீரை அளப்பதற்கோ அந்தத் தராசு. உப்பில்லாமல் தனியாகச் சமைத்துத் தரும்படி முதல்நாளே கேட்டால் தருகிறார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

ஆழ்கடல் மீன்பிடிக் கப்பல்களில், ஆடும் தளத்திலும் சரியான நிறையைக் காட்டும் தராசுகள் பல காலமாகப் பாவனையில் உள்ளன. மீனைச் சரியாக நிறுக்கக் கருவி இருக்கும்போது, இத்தனை ஆயிரம் டொலர் கட்டி உயிரை ஒப்படைத்து வருகிற நோயாளிக்கு அது ஏன் இல்லை என்று கேட்டபோது எனக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

ஆகவே அண்ணைக்கு என் பதில்: குழு நல்லது, கவனிப்பு நல்லது, மகளோடும் பேரப்பிள்ளைகளோடும் இருந்த நாட்கள் எனக்கு மிகப் பெரியவை, ஆனால் நான் இனி ஏறமாட்டேன். நீங்கள் போவதென்றால், காசு கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்கவேண்டிய முதற்கேள்வி கடல் ஆடும்போது எப்படி நிறை பார்ப்பீர்கள் என்பதுதான். உங்கள் இருதயமும் பலவீனமானது என்பதால், அதற்குத் திருத்தமான பதில் வராவிட்டால் முற்பணம் கட்டாதீர்கள்.