கையால் சுற்றும் சிற்றலை ரேடியோ: ஒன்றரை வருடம் பாவித்த பிறகு

2024 ஜூலையில் பங்களாதேஷில் மாணவர் போராட்டம் பெருத்தபோது அரசு நாடு முழுக்க இணையத்தை நிறுத்தியது. டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மச்சானிடம் இருந்து ஐந்து நாளாக வட்ஸ்அப்பில் ஒரு சொல் இல்லை, அக்கா சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்தக் கிழமைதான் இங்கே திருமலை (திருகோணமலை) டவுனில் ஒரு கடையில் இந்த ரேடியோவை வாங்கினேன். 9,500 ரூபா. சீனத் தயாரிப்பு. எஃப்எம், மத்திய அலை, தூர நாட்டு நிலையங்களைக் கொண்டுவரும் சிற்றலை மூன்றும் எடுக்கும், பக்கத்தில் சுற்றுகிற பிடி, மேலே சின்ன சோலார் தகடு, முன்னால் டோர்ச்.

முதலில் சத்தம். ஸ்பீக்கர் சின்னது, ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும். பாட்டுக் கேட்பதற்கென்றால் வாங்க வேண்டாம். எஃப்எம் பிசகில்லாமல் பிடிக்கிறது, சிற்றலைக்குத்தான் பொறுமை வேண்டும். அவ்வளவு நிலையங்களையும் விரல் நீளத்துக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள், மயிரிழை கூடத் திருப்பினால் இரண்டு நிலையம் தாண்டிப் போய்விடும். ஏரியலின் நுனியில் ஒரு மெல்லிய வயரைக் கொளுவி, ஜன்னலால் வெளியே விட்டு, முருங்கை மரத்தில் கட்டிய பிறகு நன்றாகவே மாற்றம் தெரிந்தது. வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள், பத்து முழம் வயர் போதும்.

இன்னொன்று, எல்ஈடி பல்பும் போன் சார்ஜரும் ஓடிக்கொண்டிருந்தால் சிற்றலையில் ஒரே இரைச்சல். ரேடியோவில்தான் பிழை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஒரு நாள் இரவு எட்டு மணி போலக் கரண்ட் போனது, ஒழுங்கை முழுக்க இருட்டு, அந்த நொடியே இரைச்சல் அறுந்து, அதுவரை முனகிக்கொண்டிருந்த ஒரு அரபு நிலையம் பக்கத்து வீட்டில் இருந்து பேசுவதுபோலக் கேட்டது. அன்றிலிருந்து கேட்கிற நேரம் வீட்டில் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவேன்.

ஏன் இந்தக் காலத்தில் ரேடியோ என்று கேட்பவர்களுக்கு எகிப்தைத்தான் சொல்வேன். 2011 ஜனவரி 25 போராட்டம் தொடங்கியது, 27ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி நாட்டின் இணையம் ஏறக்குறைய மொத்தமாக அணைந்தது, மறுநாள் வெள்ளிக்கிழமை கைத்தொலைபேசியும் இல்லை. அல் ஜசீராவின் கெய்ரோ அலுவலகத்தையும் மூடினார்கள். இணையம் திரும்பி வந்தது பெப்ரவரி 2. போன் வேலை செய்யாததால் என்ன நடக்கிறது என்று பார்க்கச் சனம் தெருவுக்கு இறங்கியது, தஹ்ரீர் சதுக்கம் இன்னும் நிறைந்தது, பெப்ரவரி 11 ஜனாதிபதி முபாரக் பதவியை விட்டுப் போய்விட்டார். தூனிசியாவில் வேறு வேலை நடந்தது, அங்கே அரசுத் தரப்பில் இணையத்தை மூடாமல் ஃபேஸ்புக் பக்கத்துக்குள் நிரல் புகுத்திக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். ரேடியோவில் திருடக் கடவுச்சொல் இல்லை. நான் எதைக் கேட்கிறேன் என்று எவராலும் அறிய முடியாது, எனக்கு இது பெரிய விசயம்.

இலங்கையில் நமக்கு மட்டும் என்ன? 2022 ஏப்ரல் 3 ஊரடங்கோடு சமூக ஊடகங்களையும் முடக்கினார்கள், அதற்கு முந்தின சில நாட்கள் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. அப்பாவின் பழைய ரேடியோ பற்றரி ஒழுகிப் பழுதாகிக் கிடந்தது. மே 10 மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து இறங்கிவிட்டார் என்று செய்தி பரவி, ஊரடங்கு நேரத்திலேயே ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு அங்கே என்ன நடக்கிறது என்று நாங்கள் கொழும்பில் இருந்த சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம், அந்த இரவை நினைத்துத்தான் சுற்றுகிற பிடி உள்ளதாகத் தேடி வாங்கினேன். ஒரு நிமிடம் நன்றாகச் சுற்றினால், சத்தத்தைக் குறைத்து வைத்து ஏழெட்டு நிமிடம் கேட்கலாம். கை வலிக்கும். ஆனால் கேட்கும்.

அரபு நிலையங்களை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வது பக்கத்து வளவு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). கிண்ணியாக்காரர், பஹ்ரைனில் பதினொரு வருடம் லொறி ஓட்டியவர். "அஷ்ஷஅப் யுரீத் இஸ்காத் அந்நிழாம்" என்று தூனிசிலும் கெய்ரோவிலும் சனம் கத்தியதை, "ஆட்சி விழ வேண்டும், மக்கள் கேட்பது அதுதான் தம்பி" என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். 2011 பெப்ரவரியில் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் முத்துச் சுற்றுவட்டத்தில் போராட்டக் கூட்டம் கூடியது, மார்ச் 14 சவூதிப் படை பாலம் தாண்டி வந்தது, 18ஆம் திகதி சுற்றுவட்டத்தின் நடுவில் நின்ற தூணையே இடித்துப் போட்டார்கள். ஆறு வளைவுகள் சேர்ந்து உச்சியில் ஒரு முத்தைத் தாங்கி நிற்கும் தூண் அது, ஐந்நூறு ஃபில்ஸ் காசிலும் அதே தூண் இருந்ததால் காசையும் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். நானாவிடம் அதில் ஒன்று இருக்கிறது. நடுவில் ஒரு நிறம், விளிம்பில் ஒரு நிறம், தூண் இருக்கிற பக்கம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. "முதலாளி வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கதைக்கவே இல்லை, நான் இரவில் ரேடியோவில்தான் கேட்டேன்" என்றார். அவருக்கு அங்கே ஓட்டுரிமையும் இல்லை, ஊர்வலம் போக உரிமையும் இல்லை, ஆனால் கேட்கக் காது இருந்தது.

என் பெரிய மனக்குறை இந்தக் கருவியைப் பற்றியது இல்லை, கேட்பதற்கு என்ன மிச்சம் என்பதுதான். யுத்த காலத்தில் இரவு ஒன்பதே காலுக்கு ஒழுங்கை முழுக்க ஒரே குரலாகக் கேட்ட பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஓடு நின்றுவிட்டது. பிபிசியின் அரபு வானொலி 1938இல் தொடங்கியது, 2023 ஜனவரியில் மூடினார்கள். ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது. 2019இல் ஜனாதிபதி பஷீரைத் தெருவில் நின்று இறக்கிய அதே மக்கள் இப்போது வீட்டுக்குள் அடைபட்டுச் செய்தியின்றித் தவித்தபோது, பிபிசிக்கு சூடானுக்கென்று சிற்றலையில் அவசர ஒலிபரப்பைத் திரும்பத் தொடங்க வேண்டி வந்தது. மூடியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் திருமலையிலேயே ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே பெரிய சிற்றலை மறு ஒலிபரப்பு நிலையம் நடத்தியது, 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தமிழில் சிற்றலையில் இப்போது கிடைப்பது சொற்பம். ஆகவே அரபோ ஹிந்தியோ ஆங்கிலமோ விளங்கும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்த ரேடியோவின் பயன் இரட்டிப்பு.

இனிக் குறைகள். எங்கள் வீடு டச்பே கடற்கரைப் பக்கம், உப்புக்காற்று ஆறு மாதத்தில் பற்றரி முனைகளைப் பச்சையாக்கிவிட்டது, உப்புத்தாள் போட்டு உரசித்தான் சரிசெய்தேன். ஏரியல் அடிமூட்டு ஆடுகிறது. சோலார் தகடு பெயருக்குத்தான், முழுநாள் வெயிலில் வைத்தாலும் டோர்ச்சுக்கே காணாது. பிடி பிளாஸ்டிக், பிள்ளைகள் கையில் கொடுத்தால் முறியும். உத்தரவாதம் ஆறு மாதம் என்றார்கள், ஏரியலுக்குப் போனபோது அது உத்தரவாதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், முதலே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் அக்காவுக்கு இன்னொன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மச்சான் ஆறாம் நாள் கதைத்தான், சுகமாக இருக்கிறான். பாவிக்காமல் வைக்கும்போது நாம் போடுகிற பற்றரியைக் கழற்றி வேறாக வையுங்கள், மாதத்தில் ஒரு நாள் பிடியைச் சுற்றிப் பாருங்கள், சுற்றாமலே விட்டால் உள்ளே இருக்கிற சார்ஜ் பற்றரி செத்துவிடும்.