டைகாஸ்ட் கார்களை விற்றபோது கைக்கு வந்த விலை: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

2013ஆம் ஆண்டு முதல் 1:64 அளவிலான (நிஜக் காரில் 64இல் ஒரு பங்கு) டைகாஸ்ட் கார்களை, அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யும் பொம்மைக் கார்களை, சேர்த்து வருகிறேன். பெரும்பாலானவை ஹாட் வீல்ஸ். கொஞ்சம் மேட்ச்பாக்ஸ், மஜோரெட், டொமிகா. மூன்று நான்கு பழைய கார்கள். சென்ற ஆண்டு வேளச்சேரியிலிருந்து சிறிய வீடு ஒன்றுக்குக் குடிமாற வேண்டியிருந்ததால், என்னிடம் இருந்த 412 கார்களில் 163 கார்களை எட்டு மாதங்களில் விற்றேன். இவற்றின் மறுவிற்பனை மதிப்பு பற்றி ஆசை காட்டும் பேச்சுகள் நிறைய உலவுகின்றன. விற்று முடித்தவர்களின் கணக்கு அரிதாகவே கண்ணில் படுகிறது. அதனால்தான் என் கணக்கை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

தொடக்கம் முதலே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு காருக்கும் நேராக ‘இன்றைய மதிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து அந்தக் கட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவேன். விற்ற 163 கார்களுக்கும் அந்த நோட்டில் இருந்த மொத்த மதிப்பு 1,12,000 ரூபாய். கைக்கு வந்தது 61,400 ரூபாய். பொதிகட்டும் செலவும் கூரியர் செலவுமாக 5,200 ரூபாய் போக நின்றது 56,200. அவற்றை வாங்க நான் செலவிட்டிருந்த தொகை ஏறத்தாழ 34,000.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல லாபம் என்றே தோன்றும். பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விவரம் புரிந்தது. 61,400 ரூபாயில் 41,600 ரூபாய் வெறும் பதினொரு கார்களிலிருந்து வந்தது. மீதி 152 கார்கள் சேர்ந்து 19,800 ரூபாய்க்குப் போயின. அவற்றை வாங்கியதும் சுமார் 19,000 ரூபாய்க்குத்தான். அனுப்பும் செலவையும் பத்தாண்டு விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்தால் அந்த 152 கார்களிலும் எனக்கு நட்டமே. கடையில் கொக்கியில் தொங்கும் சாதாரண மெயின்லைன் காரை வாங்கிப் பூட்டி வைத்தால் பத்தாண்டில் பொன்னாகும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து நம்ப வேண்டாம். அவை இலட்சக்கணக்கில் வார்க்கப்படுபவை. உங்களைப் போலவே ஆயிரம் பேர் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பதினொன்றில் ஏழு கார்கள் சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் வகையைச் சேர்ந்தவை. ஹாட் வீல்ஸைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் 1995இல் ட்ரெஷர் ஹண்ட் என்ற தொடரைத் தொடங்கியபோது பன்னிரண்டு மாடல்களை மட்டும், ஒவ்வொன்றிலும் 10,000 என்ற எண்ணிக்கையில் வெளியிட்டது. அவற்றுள் 1967 கமாரோவுக்குச் சேகரிப்பாளர்களிடம் இன்றும் தனி மதிப்பு உண்டு. 2007 முதல் இதற்குள்ளேயே சூப்பர் என்ற உயர்வகை வந்தது. மெருகேற்றிய உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற நிறப்பூச்சு, பிளாஸ்டிக்குப் பதிலாக ரப்பர் டயர், காரின் மேல் எங்கேனும் சிறியதாக ‘டிஎச்’ என்ற எழுத்து. அண்மை ஆண்டுகளில், காரைப் பொருத்தி விற்கும் அட்டையில், காருக்குப் பின்னால் பாதி மறைந்தபடி பொன்னிறச் சுடர்ச் சின்னம் ஒன்றும் இருக்கும். வெள்ளிநிறச் சுடர் இருந்தால் அது சாதாரண ட்ரெஷர் ஹண்ட். அதற்கு விற்பனையில் கிடைக்கும் கூடுதல் விலை சொற்பம். நான் விற்ற ஏழு சூப்பர்களில் இரண்டை மட்டுமே கடையில் அச்சிட்ட விலைக்கு நானாகக் கண்டெடுத்தேன். மற்ற ஐந்தையும் வேறு சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கியிருந்ததால், அவற்றில் எனக்கு நின்ற லாபம் பிறர் நினைப்பதைவிடக் குறைவு. பல கடைகளில் பெட்டி பிரிக்கும் நாளன்றே, மொத்தமாக எடுத்துப் பதுக்குகிறவர்கள் வந்து துழாவிவிடுகிறார்கள். மாலையில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அவர்கள் விட்டுச் சென்றதுதான் மிஞ்சும்.

ஒரு காரின் விலை அதன் உலோகத்தில் இருப்பதாகவே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது அட்டையில் இருக்கிறது என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்தது. அப்போது எங்கள் வீடு தரைத்தளத்தில் இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டு மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. தண்ணீர் வடிந்த பின் எடுத்துப் பார்த்தபோது அட்டைகள் அப்பளம் போல் உப்பி, படம் தனியாகவும் கூழ் தனியாகவும் பிரிந்து, காரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ்கள் ஒட்டு விட்டுக் கழன்றிருந்தன. கார்களைத் துடைத்து வைத்தேன். உடல் துத்தநாகக் கலவை என்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரங்களைக் கோத்திருக்கும் மெல்லிய அச்சுகளில் மட்டும் செம்மண் நிறத்தில் துரு ஏறியிருந்தது. ஒரே மாடலில் இரண்டு வைத்திருந்தேன்: ஒன்று மேல்தட்டில் அட்டையோடு தப்பியது, மற்றொன்று கீழ்த்தட்டில் நனைந்தது. சென்ற ஆண்டு விற்றபோது முதலாவது 900 ரூபாய்க்கும், அட்டையில்லாமல் ‘லூஸ்’ என்ற கணக்கில் இரண்டாவது 250 ரூபாய்க்கும் போயின. அச்சு வார்ப்பில் ஒரே கார். இடையில் நின்ற 650 ரூபாய் ஒரு துண்டு அட்டைக்கான விலை.

அட்டையிலும் பேதம் உண்டு. இந்தியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பல மொழிகள் அச்சிட்ட குட்டை அட்டை. அமெரிக்கச் சந்தைக்கு வருவது நெட்டை அட்டை. அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் நெட்டை அட்டையைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். ஆகவே அவர்களுடைய விற்பனைப் பக்கங்களில் காணும் டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றி நோட்டில் எழுதியது என் அடிப்படைப் பிழை. அட்டையின் மூலை மடங்கினாலோ, தொங்கவிடும் துளை கிழிந்தாலோ, வெயில் பட்டுக் குமிழ் மஞ்சளித்தாலோ விலை படிப்படியாக இறங்கும். சென்னைக் கடற்காற்றின் ஈரத்துக்கு அட்டை வளைந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் கெட்டியான பிளாஸ்டிக் உறையிலிட்டு, பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களை வைத்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பொட்டலங்களை மாற்றிவருகிறேன். இதற்கான செலவை நான் மேலே காட்டிய கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் லாபம் இன்னும் சுருங்கும்.

பழைய பொருள்கள் விற்கும் இடங்களில் அடிக்கடி நேரும் ஒரு தவறைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட்டில் ஒருவர் என்னிடம் ஒரு காரைத் திருப்பிக் காட்டி, “சார், 1982ன்னு அடியிலேயே போட்டிருக்கு பாருங்க, நாற்பது வருசத்துக்கு மேல ஆன வண்டி, ஐந்நூறு குடுங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். ஆனால் அடித்தகட்டில் இருக்கும் ஆண்டு அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு. கார் வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. ஒரே அச்சை இருபது முப்பது ஆண்டுகள் நிறம் மாற்றி மாற்றி வார்ப்பார்கள். 2008க்குப் பிந்தைய ஹாட் வீல்ஸ் கார்களில், அடித்தகட்டில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் மிகச் சிறியதாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: எழுத்து ஆண்டையும், எண் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதையும் குறிக்கும். அவர் காட்டிய காரில் ‘எல்’ என்ற எழுத்து இருந்தது, அது 2018. லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு நூறு ரூபாய்க்கே கொடுத்தார்.

வார்ப்பு அச்சு அதன் நிறுவனத்திடம் இருக்கும்வரை மறுவெளியீடு என்பது எப்போதும் சாத்தியம் என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஜப்பானியக் கார்களுக்கு, குறிப்பாக நிசான் ஸ்கைலைன் வகைகளுக்கு, எப்போதும் கிராக்கி உண்டு. என்னிடம் இருந்த ஒரு ஸ்கைலைனுக்கு ஒருவர் 2,200 ரூபாய் வரை கேட்டார். இன்னும் ஏறும் என்று காத்திருந்தேன். அடுத்த ஆண்டே அதே வார்ப்பு வேறு நிறத்தில் கடைக்கு வந்தது. பழைய நிறத்துக்கான தேவை அற்றுப்போகவில்லை என்றாலும் அவசரம் போய்விட்டது. இறுதியில் 1,100 ரூபாய்க்கு விற்றேன்.

இந்தியச் சந்தையில் இன்னொரு காரணமும் வேலை செய்தது. பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமானது. முன்பு பர்மா பஜாரில் எளிதாகக் கிடைத்த சில அயல்நாட்டுக் கார்கள் என் கண்ணில் படுவது அதன்பின் அரிதாயிற்று. கையில் வைத்திருந்த சில மஜோரெட், டொமிகா கார்கள் எனக்கு எதிர்பாராத விலைக்குப் போனது இதனால்தான் என்று கருதுகிறேன். இதில் என் திறமை எதுவும் இல்லை.

போலிகளைப் பற்றி எழுதுவது கடமை. 2018இல் ஒரு லூஸ் சூப்பரை 3,500 ரூபாய்க்கு ஒருவரிடம் வாங்கினேன். ஆறு மாதம் கழித்து வெயிலில் படம் எடுக்கும்போதுதான் சந்தேகம் வந்தது. உண்மையான பூச்சில் கதவின் விளிம்பிலும் கூரை மடிப்பிலும் அடியிலிருக்கும் உலோகம் மின்னும். இதில் பூச்சு தடித்து, விளிம்புகள் மங்கிக் கிடந்தன. அடித்தகட்டைத் திருப்பி, அதை உடலோடு இணைக்கும் ரிவெட் ஆணியைப் பார்த்தேன். துளையிட்டுக் கழற்றி, சாதாரண வார்ப்பின் சக்கரங்களை மாற்றி, மீண்டும் பசையால் ஒட்டியிருந்தார்கள். ரிவெட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பளபளப்பு வளையம் இருந்தது. என் 163 கார்களில் அது சேரவில்லை. அதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. ‘போலி’ என்று சீட்டு ஒட்டித் தனியாக வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்டப் பயன்படுகிறது.

விற்பதில் உள்ள உழைப்பையும் குறைத்து எண்ணக் கூடாது. ஒரு காருக்குக் குறைந்தது ஆறு படங்கள், பதினைந்து இருபது விசாரிப்புகள், பேரம், பின் பொதிகட்டல். நல்ல அட்டைப்பெட்டியில் இருபுறமும் தடித்த அட்டை வைத்துக் கட்டியும், ஒரு கூரியர் வழியில் நசுங்கிப் போன காருக்காக 1,800 ரூபாயை முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டமாக விற்றால் வேகமாகப் போகும், ஆனால் அடிமாட்டு விலைக்கு. தனித்தனியாக விற்றால் விலை வரும், ஆனால் மாதங்கள் ஓடும்.

பதினொன்றில் மீதி நான்கில் ஒன்று பிரிட்டனில் லெஸ்னி நிறுவனம் செய்த மேட்ச்பாக்ஸ். லெஸ்னி 1982இல் நொடித்துப் போனது. அந்தக் காலத்துப் பொருள் மேலும் உருவாகப் போவதில்லை என்பதால் வாங்குபவர் பேரம் பேசவே இல்லை. ஆனால் பழையவற்றிலும் ஆபத்து உண்டு. 1930களில் பிரிட்டனில் செய்த டிங்கி என்ற பொம்மைக் கார்கள் பலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் உள்ளிருந்தே வெடித்து நொறுங்கும். அதற்கு மருந்து கிடையாது.

விற்காமல் வைத்திருக்கும் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். டிங்கியின் பழைய அச்சுகள் சில இந்தியாவுக்கு விற்கப்பட்டு, கல்கத்தாவில் ‘நிக்கி’ என்ற பெயரில் வார்க்கப்பட்டன. அவற்றுள் பிரிட்டிஷ் ட்ரையம்ஃப் விட்டெஸ்ஸின் அச்சு, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரைப் பெற்றது. அந்த ஹெரால்டின் நிஜக் கார் சென்னையில் உருவானது. என்னிடம் இருக்கும் பிரதியில் பூச்சு கரடுமுரடாக இருக்கிறது, ஒரு முகப்பு விளக்கின் ஓரம் தேய்ந்திருக்கிறது, பெட்டி இல்லை; ரிவெட் மட்டும் ஒருமுறையும் தொடப்படாதது. பெங்களூரிலிருந்து ஒருவர் மூன்றாவது முறையாக அடித்தகட்டின் படம் கேட்டிருக்கிறார். அனுப்பியிருக்கிறேன். நோட்டில் அதற்கு நேரே உள்ள மதிப்புக் கட்டத்தை இந்த முறை காலியாகவே விட்டிருக்கிறேன்.