நேப்பியர் பட்டைகள்: நான்காம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை

பெருக்கலில் பிள்ளை தடுமாறினால் உடனே வாய்ப்பாட்டின் மேல் பழியைப் போடுகிறோம். என் மகள் வாய்ப்பாட்டை மளமளவென்று ஒப்பிப்பாள். ஆனால் 38ஐ 6ஆல் பெருக்கச் சொன்னால் 428 என்று எழுதுவாள். எட்டாறு நாற்பத்தெட்டு, 8 போட்டு மீதி 4. அந்த 4ஐ முதலிலேயே 3உடன் கூட்டி, ஏழாறு நாற்பத்திரண்டு என்று முடித்துவிடுவாள். சரியான விடை 228.

அவள் நான்காம் வகுப்பில் இருந்தபோது அட்டையில் நேப்பியர் பட்டைகள் செய்தோம். ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் 1617இல் வெளியிட்ட உத்தி. பட்டையின் தலையில் ஓர் இலக்கம்; கீழே ஒன்பது கட்டங்களில் அதன் மடங்குகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாய்கோடு: மேல்பாதியில் பத்தின் இலக்கம், கீழ்பாதியில் ஒன்றின் இலக்கம். 4,738ஐ 6ஆல் பெருக்க 4, 7, 3, 8 பட்டைகளை ஒட்டி அடுக்கி ஆறாவது வரிசையைப் பார்த்தால் 24, 42, 18, 48. வலமிருந்து சாய்வாகக் கூட்டவேண்டும்: 8; 4+8=12, 2 போட்டு மீதி 1; 1+2+1=4; 4+4=8; கடைசியில் 2. விடை 28,428.

மீதி எங்கிருந்து வருகிறது, எதனுடன் சேர்கிறது என்பது கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. பெருக்கி முடித்த பிறகே கூட்டல் என்பதால் பழைய குழப்பத்துக்கு இடமே இல்லை. 5,008 × 7 போன்ற கணக்கில் பூஜ்யத்தை விழுங்குவதும் நின்றது. அதற்கும் ஒரு பட்டை வைத்தாகவேண்டுமே!

குறை என்றால், இது வாய்ப்பாடு சொல்லித்தராது. பார்த்து எழுதும் சுகத்தில் இருப்பதும் மறந்துபோகலாம். அதனால் சில வாரங்களிலேயே பட்டைகளை விடை சரிபார்க்க மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன். கணக்கைத் தொடங்குமுன் தோராய விடை சொல்லவேண்டும் என்பது இன்னொரு விதி: 4,738 ஏறக்குறைய 5,000, ஆகவே விடை 30,000க்குள். மகள் இப்போது ஆறாம் வகுப்பு, பட்டைகளைத் தொடுவதில்லை. அவள் தம்பி தொடங்கியிருக்கிறான்.

ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வியர்வைக் கை பட்டால் கரைகிறது. பால்பாயின்ட் பேனா நிற்கிறது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் மூன்று பட்டையாவது செய்துகொள்ளுங்கள். 7,747 × 8 என்று வீட்டுப்பாடம் வந்த அன்று 7க்காக மீண்டும் கத்தரிக்கோலைத் தேடவேண்டியிருந்தது.