டிரஸ்ட் நன்கொடைக்கு சாப்ட்வேர்: போட்ட காசுக்கு வருதுங்களா?

நன்கொடைக் கணக்குக்கு நாங்கள் வைத்திருக்கும் சாப்ட்வேரின் சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பொள்ளாச்சியில் டிரஸ்ட் நடத்தும் நண்பர் போன் செய்தார். "ஏனுங்ண்ணா, எடுக்கலாமுங்களா?" நாலு பேருக்கு உதவட்டும் என்று பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021-22 நிதியாண்டிலிருந்து டிரஸ்ட்டுகள் நன்கொடை விவரங்களை வருமான வரித் துறைக்கு 10பிடி படிவத்தில் மே 31க்குள் ஏற்றியாக வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஏற்றினால்தான் கொடுத்தவருக்குத் தர 10பிஇ என்கிற நன்கொடைச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் கொடுத்தவருக்கு வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி கழிவு கிடைக்காது. முன்பு அந்த மே மாதம் முழுக்க ரசீது அடிக்கட்டையைப் புரட்டி, பான் எண் கேட்டு ஆளாளுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்போம். இப்போது ரசீது போடும்போதே சாப்ட்வேர் பான் கேட்கிறது, எழுத்து தப்பினால் சிவப்புக் கோடு போடுகிறது. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி செல்லாது என்று அங்கேயே எச்சரிக்கிறது. எங்கள் ஆடிட்டர் சிரித்துப் பார்த்தது இதனால்தான்.

இனி வயிற்றெரிச்சல். ஆறு மாதம் பணம் வராவிட்டால் சாப்ட்வேருக்கு அந்த ஆள் 'விலகியவர்'. எங்களுக்குக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் மஞ்சள் விவசாயிகள். வெட்டி, வேக வைத்து, காய வைத்து, பெருந்துறையில் ஏலம் போன பிறகுதான் அவர்கள் கையில் காசு. விலை படியவில்லையென்றால் மூட்டை குடோனுக்குப் போகும், நமக்கு அடுத்த வருடம்தான். இது எதுவும் தெரியாமல் ஐப்பசி மழையில் "உங்களைக் காணோமே!" என்று இதய பொம்மையோடு மெசேஜ் அனுப்புகிறது. ஒரு அப்பாரு ஆபீசுக்கே வந்துவிட்டார்: "நான் எங்கீங்க போயிட்டேன்? கடன் வாங்குனவனாட்டம் கேக்கறீங்க!" அந்த ஆறு மாதத்தை மாற்றித் தாருங்கள் என்றால், "அது உலகத் தரம் சார்" என்கிறார்கள்.

குளம் தூர்வார ஒருவர் பொக்லைனை வாடகையில்லாமல் விடுவார், டீசல் மட்டும் நம்முடையது. அந்த உதவியைப் பதிய சாப்ட்வேரில் கட்டம் இல்லை. ஆகவே அறிக்கையில் குளத்து வேலை 'பயன் குறைவு'! திருப்பூர் பனியன் கம்பெனியில் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியைப் பார்க்கும் ஆள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துக்கு முடிவு செய்கிறார். வாட்ஸப் பிராட்காஸ்ட்டோ நம் நம்பரை சேவ் செய்தவருக்கு மட்டும்தான் போகும். இந்த சாப்ட்வேர் அனுப்பியதையெல்லாம் 'சென்றடைந்தவர்' என்று கூட்டிக்கொள்கிறது. மாரியம்மன் நோம்பியில் மேசை போட்டு உட்கார்ந்தால் வருகிற பணம் எந்தக் கணக்கில் வந்தது என்றும் அதற்குத் தெரியாது.

வருடச் சந்தா பொக்லைனுக்கு ரெண்டு நாள் வாடகை. அந்தக் காசில் ஒரு மதகையாவது சரி செய்திருக்கலாம். வாங்காதீங்க. நாங்கள்? புதுப்பித்தாயிற்று, மே மாதத்தை நினைத்தால் வேறு வழியில்லை. மீறி வாங்கினால் அந்தத் தானியங்கி மெசேஜை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பட்டன் 'நோட்டிபிகேஷன்' பக்கத்தில் இருக்காது, 'கேம்பெயின்' பக்கத்தில் ஆகக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.